சீனக்குடா வளைவில் நின்றுவிடும் கார்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆஸ்பத்திரியில் நேர்ஸாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். பிணவறைக்குப் போகும் நடைபாதையில் நின்று தேத்தண்ணி குடித்திருக்கிறேன். யாராவது ஓடிவந்து "மிஸ், அங்க ஒண்டு நிக்குது" என்றால், "நிக்கட்டும், ஒரு கதிரை போட்டுக் குடுங்கோ" என்று சொல்லுகிற ஆள். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். இனிச் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு இவளுக்கு விசர் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

எங்கள் பழைய கார் சீனக்குடா தாண்டி ஒரு வளைவில் நின்றுவிடும். மாதத்தில் ஒருமுறை அந்த வழியால் போவோம், போகும்போதெல்லாம் நிற்கும். துறைமுகத்தின் தண்ணீர் வீதியை ஒட்டியே வந்து கிடக்கிற இடம் அது. ஒரு பக்கம் கண்டல் மரங்கள், மறுபக்கம் பற்றைக்காடு. டவுனிலிருந்து சோக்காக ஓடிவரும் கார், அந்த வளைவுக்குள் நுழையும்போது ஒருமுறை குலுங்கும். பிறகு இருமும். பிறகு எஞ்சின் அடங்கிவிடும். நான் ஓரமாக உருட்டி நிறுத்துவேன். பின் சீட்டில் என் மச்சாள் கதவைத் திறக்கும் சத்தம் கேட்கும்.

மச்சாள் என்றால் என் அண்ணாவின் மனைவி. கார் அண்ணாவுடையது. அண்ணா காணாமல் போனது அந்த வளைவில்தான்.

சண்டைக் காலத்தில் அங்கே ஒரு சோதனை மறிப்பு இருந்தது. அண்ணாவும் மச்சாளும் ஈச்சிலம்பற்றில் இருக்கும் மச்சாளின் காணிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மறித்தவர்கள் அண்ணாவை மட்டும் இறங்கச் சொன்னார்கள். அவர் அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். கண்டலுக்குள் தண்ணீர்ப் பக்கமாக ஒரு ஒற்றையடிப் பாதை போகும், அதால் கூட்டிக்கொண்டு போனார்கள். எஞ்சினை அணையவிட்டு இறங்கிய அண்ணா, கார்த் திறப்பைத் திருப்பிக் கழற்ற மறந்துவிட்டார். முன்பக்கத்து எஞ்சின் மூடியான பொனற்றுக்குள் பெற்றோல் பம்பு இடைக்கிடை ஒரு 'டிக்' சொல்லிக்கொண்டே இருந்ததாம். பற்றறி இறங்கி அந்தச் சத்தம் அடங்கும்வரை மச்சாள் முன் சீட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். கூட்டிப்போனது யார், எங்கே கொண்டுபோனார்கள், இன்றுவரை தெரியாது. நாங்கள் போய்க் கேட்காத வாசல் இல்லை.

ஆளும் இல்லை, உடம்பும் இல்லை. ஆகவே அந்தியேட்டியும் செய்யவில்லை, திவசமும் செய்யவில்லை. மச்சாள் இன்றைக்கும் தாலி போட்டிருக்கிறார். காலையில் குளித்ததும் பொட்டு வைப்பார். ஒரு கலியாண வீட்டில் சொந்தக்காரி ஒருத்தி, "இன்னும் எத்தினை காலத்துக்கு இந்தக் குங்குமம்?" என்று வாய் கொடுத்தாள். "உமக்கு உறுத்துதெண்டால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடும்" என்று நான் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பக்கத்துச் சொந்தம் அதோடு சரி.

கார் இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்தது. சாம்பல் நிறம், உருண்டை முதுகு. தெருவில் ஆமை என்று கூப்பிடுவார்கள். அதன் பெற்றோல் பம்பு மின்சாரத்தில் ஓடுவது. திறப்பைத் திருப்பியதும் டிக் டிக் டிக் என்று படபடவென அடிக்கும். காபரேற்றர் நிரம்பியதும் அடங்கும். ஓடும்போது எஞ்சின் குடிக்கக் குடிக்க இதுவும் அடித்துக்கொண்டிருக்கும், உள்ளே இருக்கிறவர்களுக்கு நன்றாகக் கேட்கும். நாடி பிடித்துப் பழகிய எனக்கு அந்தச் சத்தத்தில் ஒரு பிரியம் உண்டு. மச்சாளுக்கு அது வேறு. வேறு வாகனத்தில் ஏறவே மாட்டார். காணிக்குப் போக மாதம் ஒருமுறை இந்தக் கார்தான் வேண்டும், ஓட்ட நான்தான் வேண்டும். அவர் இருப்பது பின் சீட்டில். "நான் என்ன உங்கட றைவரோ?" என்று கேட்டால், "ஓம், நல்ல றைவர்" என்பார். அவ்வளவுதான் கதை. வாயைத் திறந்து நாலு வார்த்தை கோர்த்துப் பேசுகிற பழக்கம் அவரிடம் என்றோ போய்விட்டது.

இத்தனை வருசமும் அந்த வளைவை நாங்கள் நிற்காமல்தான் கடந்தோம். மச்சாள் கண்ணை மூடிக்கொள்வார், நான் அக்சிலேற்றரை மிதிப்பேன். நாடு முழுக்கப் பெற்றோலுக்கு வரிசையில் காய்ந்த காலம் வந்தது. அப்போதுகூடக் கார் எங்கேயும் நின்றதில்லை. போனில் கியூஆரைக் காட்டினால் அளந்து கொடுக்கிற சொட்டுப் பெற்றோலில் ஆடி அசைந்து போய் வந்தோம். அந்தக் காலம் முடிந்து, நிரப்புகிற செட்டில் தாராளமாகப் பெற்றோல் வரத் தொடங்கிய பிறகுதான் நிற்கத் தொடங்கியது. வரிசையில் காய்ந்த சனம் எல்லாருக்கும் வந்த வருத்தம், நிரப்புகிற நோய், எங்களுக்கும் வந்திருந்தது. தூரப் பயணம் என்றால் தாங்கியை வாய்வரை நிரப்பாமல் கிளம்பமாட்டோம். "இன்னும் கொஞ்சம் பிடிக்கும், அடியுங்கோ" என்று மச்சாள் இறங்கி நின்று பார்ப்பார். நிரப்பிக்கொண்டு நேரே சீனக்குடா வீதி.

முதல்முறை நின்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. உச்சி வெயில், பின்னால் ரிப்பர் லொறிகள் கோன் அடிக்கின்றன. திறப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பம்பு, டிக் என்று ஒன்று சொன்னது. நீண்ட நேரம் கழித்து இன்னொரு டிக். பிறகு ஒன்றுமில்லை. சாகக் கிடக்கிறவரின் மூச்சுக்கு நான் எத்தனையோ தரம் அப்படிக் காது கொடுத்திருக்கிறேன். அடுத்தது வருமா வராதா என்று இருப்போமே, அப்படி இருந்தது.

பின்னுக்குத் திரும்பிப் பார்த்தேன். மச்சாள் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கண்டல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு. அவருக்குப் பல் தெரியச் சிரிக்க வரும் என்பதையே நான் மறந்திருந்தேன்.

"அவர்தான் மறிக்கிறார், பிள்ளை" என்றார்.

"விசர்க் கதை கதைக்காதேங்கோ. பம்பு பழுதாப் போச்சு."

அவர் கண்டலையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் போனது. பிறகு, "சரி, போகச் சொல்லுறார், எடுங்கோ" என்றார். நான் வாய்க்குள் திட்டிக்கொண்டே திறப்பைத் திருப்பினேன். பம்பு படபடவென்று அடித்தது. எஞ்சின் ஒரு உதையில் பிடித்துக்கொண்டது. என் கை மயிர் குத்திட்டு நின்றது.

அடுத்த மாதமும் அதே இடம். இந்தமுறை மச்சாள் இறங்கிப் போய் வீதிக்கரையில் நின்றார். திரும்பி வந்து "எடுங்கோ" என்றார். எடுத்தேன், பிடித்தது. அதற்கு அடுத்த மாதம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையால் இறங்கிக் கணுக்கால் தண்ணீரில் நின்றார். கண்டலுக்குள் யாரோடோ பேசுவதுபோல் தலை ஆடியது. நான் காருக்குள் இருந்து கோன் அடித்தேன். அவர் திரும்பவில்லை. வேலை முடிந்து வந்தவர்போல ஆறுதலாக வந்து ஏறினார், சேலைக் கரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அவர் இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு நிக்கிறார்" என்றார்.

வீட்டிலோ ஆள் அடியோடு மாறிவிட்டார். குசினிக்குள் நின்று பாட்டு முணுமுணுக்கிறார். அண்ணாவுக்குப் பிடித்த சூடை மீனைப் பொரிக்கிறார், எனக்கும் ஊட்டாத குறையாகத் தருகிறார். அலுமாரியில் கிடந்த சேலைகள் வெயிலுக்கு வருகின்றன. பயண நாள் நெருங்கினால் தலைக்கு எண்ணெய் வைத்து முழுகுவார். எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஒரு மனிசி இத்தனை வருசம் கழித்து உயிர்த்து எழும்பியிருக்கிறாள். ஆனால் மாதாமாதம் தண்ணீருக்குள் ஒரு எட்டு கூட வைக்கிறாள். இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்தது.

வளைவு தாண்டிக் கிண்ணியாப் பக்கம், குறிஞ்சாக்கேணியில் பழைய கார் திருத்துகிற ஒரு மெக்கானிக் இருக்கிறார். என் வயதுதான். அவருடைய தாயை, உம்மா என்பார், ஆஸ்பத்திரி வாட்டில் நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பழக்கம். என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார். அவரை வீட்டுக்கு வரவழைத்தேன். அண்ணா கதையைச் சொல்லவில்லை, கார் நிற்கும் கதையை மட்டும் சொன்னேன்.

பம்பைக் கழற்றினார். உள்ளே இரண்டு சின்னப் பொயின்றுகள் உண்டு, அவை தொட்டு விலகுவதுதான் அந்த டிக் சத்தம். அவை கறுத்துப் போயிருந்தன. மெல்லிய அரத்தாளால் உரஞ்சினார். "இதுதான் மிஸ். இனிப் புதுமாப்பிள மாதிரி ஓடும்" என்றார். புதுமாப்பிள்ளை அந்த வளைவுவரை ஓடினார், நின்றார்.

மறுபடி வந்தார். தாங்கியில் துரு இருக்கும், வடிகட்டி அடைத்திருக்கும் என்று எல்லாவற்றையும் கழுவினார். நின்றது. பம்புக்குள் இருக்கும் றப்பர்த் தோலை மாற்றினார். நின்றது. "நிண்ட நேரம் பம்பத் தொட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன், கையை வைக்க ஏலாத சூடு என்றேன். "அப்ப சூடுதான் காரணம். ஈரத் துணி சுத்துங்க" என்றார். என் பழைய வெள்ளைச் சீருடை ஒன்றைக் கிழித்து நனைத்துச் சுற்றினேன். அந்தச் சனியன் அதற்கும் அடங்கவில்லை.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. அலுமாரியிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு வந்து பம்பின் நெஞ்சில் வைத்துக் கேட்டேன். மெக்கானிக் சிரித்தார். "சிரிக்காதேங்கோ, பைப்பைக் கழற்றுங்கோ" என்றேன். காபரேற்றருக்குப் போகும் பைப்பைக் கழற்றிப் போத்தல் ஒன்றுக்குள் விட்டார். திறப்பைத் திருப்பினேன். பெற்றோல் பாய்ந்து பாய்ந்து வந்தது. அடி ஒழுங்கு, சத்தம் சுத்தம். ஒரு குறையும் இல்லை.

"பம்பு நல்லாத்தான் இரிக்கி, மிஸ்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். குரலைத் தாழ்த்தி, "அந்த வளைவு அவ்வளவு நல்லமில்ல. ஓதித் தண்ணி தரட்டா?" என்று கேட்டார்.

"பெற்றோலுக்குள்ளயோ ஊத்துறது?" என்று நான் சீறினேன். அவர் போன பிறகு வாசற்படியில் இருந்து அழுதேன். ஓதின தண்ணியை வாங்கியிருக்கலாமோ என்று எனக்கும் தோன்றியதுதான் அந்த அழுகைக்குக் காரணம்.

நடுவில் ஒரு மாதம் செட்டில் பெற்றோல் தட்டுப்பாடு. தாங்கியில் பாதிதான் இருந்தது, அதோடு போனோம். அன்றைக்குக் கார் நிற்கவில்லை. வளைவுக்குள் நுழைந்து வெளியே வந்துவிட்டது. நான் மூச்சை விட்டேன். பின் சீட்டில் மச்சாள் ஒரு சத்தம் போட்டார். பிள்ளைப்பேற்று வாட்டில்தான் அப்படியொரு குரலை நான் கேட்டிருக்கிறேன், அதுவும் பிள்ளை அழாத நேரங்களில். வீட்டுக்கு வந்து படுத்தவர் எழும்பவில்லை. சோறு வேண்டாம், கஞ்சி வேண்டாம். "நான் என்ன பிழை விட்டனான்? ஏன் இண்டைக்கு வரேல்ல?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே கிடந்தார். ஒரு கிழமை, ஏழு நாளும், நான் கரண்டியால் தண்ணீர் பருக்கினேன். கார் நின்றாலும் இந்த மனிசி போய்விடுவாள், நிற்காவிட்டாலும் போய்விடுவாள் என்று அப்போது பயந்தேன்.

அடுத்த மாதம் வாய்வரை நிரப்பிக்கொண்டு போனோம். நின்றது. நான் பொனற்றைத் திறந்து பம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கரையில் செருப்பு மட்டும் கிடக்கிறது. மச்சாள் கண்டலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் போய்க்கொண்டிருக்கிறார். சேலை பின்னால் மிதக்கிறது. காற்றே இல்லை, தண்ணீரில் ஒரு அலையும் இல்லை. அவர் நடக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

"மச்சாள்! மச்சாள், நில்லுங்கோ!"

சேற்றுக்குள் விழுந்து எழும்பிப் போய் அவருடைய தோளைப் பிடித்து இழுத்தேன். வலது கையை முன்னுக்கு நீட்டிப் பிடித்தபடி அவர் திமிறினார். "விடுங்கோ பிள்ளை, கையைப் பிடிச்சிட்டார்" என்றார். எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ தெரியாது. வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன். அண்ணாவையும் சேர்த்து ஏசினேன். "கூப்பிடுறதெண்டால் என்னைக் கூப்பிடு, இவவை விடு!" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினேன். பேயை நம்பாதவள் கத்தினது இது.

கரைக்கு இழுத்துக்கொண்டு வந்து, பழக்கதோசத்தில் நாடி பார்த்தேன். இடது கை சூடாக இருந்தது. வலது கை ஐஸ்பெட்டிக்குள் வைத்து எடுத்ததுபோல் இருந்தது. கொளுத்துகிற வெயிலில், வெதுவெதுத்த தண்ணீரிலிருந்து வந்த கை. இரண்டு கையையும் மாறிமாறித் தொட்டுப் பார்த்தேன். இதற்கு எனக்கு இன்றுவரை விளக்கம் இல்லை, தேடவும் விருப்பம் இல்லை.

அன்றைக்குக் காணிக்குப் போகவில்லை. கார் பிடித்ததும் நேரே குறிஞ்சாக்கேணிக்கு ஓட்டினேன். மெக்கானிக்கின் மனைவி மச்சாளுக்கு உடுப்பு மாற்றி, தேத்தண்ணி கொடுத்து, ஒரு ஓட்டோவில் ஏற்றி எங்களை வீட்டுக்கு அனுப்பினார். வேறு வாகனத்தில் ஏற மாட்டேன் என்று சொல்லக்கூட மச்சாளிடம் தெம்பு இல்லை. காரை அங்கேயே விட்டோம். போகமுன் மெக்கானிக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாவை, வளைவை, தண்ணீரை. அவர் கேட்டுக்கொண்டு நின்றார். "இதத் தொடக்கத்துலயே செல்லியிருக்கலாமே, மிஸ்" என்றார். அதில் குறை சொல்கிற தொனி இல்லை. பாவம், அவரும் பயந்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து நான் மட்டும் போனேன். ஓட்டிப் பார்க்காமல் எடுக்கமாட்டேன் என்றேன். கிண்ணியாச் செட்டில் வழமைபோல் வாய்வரை நிரப்பினோம். வளைவுப் பக்கம் போக எங்கள் இருவருக்கும் துணிவு இல்லை, அதனால் எதிர்ப்பக்கமாக, மூதூர் வீதியில் விட்டோம். நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில். பம்பு ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. வயல்வெளி நடுவே, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரமும் இல்லாத இடத்தில், அடி இடறியது. கார் குலுங்கியது, இருமியது, நின்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"மறுவா நிண்டுட்டு" என்றார் அவர். "இங்கயும் வந்துட்டாரோ?"

எனக்கும் அதே நினைப்புத்தான். பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கக் கழுத்து மறுத்தது. ஆனால் நேர்ஸ் புத்தி ஒன்று இருக்கிறதே, அது அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது. டவுன்ச் செட்டிலிருந்து வளைவுக்கு எவ்வளவு தூரம்? கிண்ணியாச் செட்டிலிருந்து இந்த வயலுக்கு எவ்வளவு? மீற்றரைப் பார்த்தேன். ஏறக்குறைய ஒன்றுதான். இடம் மாறியிருக்கிறது, தூரம் மாறவில்லை. நிரப்பாமல் போன அன்றைக்கு மட்டும் நிற்கவில்லை.

"தாங்கியைப் பாருங்கோ" என்றேன். "பம்பை விடுங்கோ. தாங்கியைப் பாருங்கோ!"

அவர் இறங்கிப் பின்பக்கம் போனார். நானும் போனேன். தாங்கி மூடியைப் பிடித்துத் திருகினார், அசையவில்லை. சட்டையால் சுற்றிப் பிடித்து முழுப் பலத்தோடு திருகினார். மூடி கழன்றது.

கார் மூச்சு இழுத்தது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீருக்குள் அமுக்கிவைத்த ஒரு ஆள் தலையைத் தூக்கி இழுக்கிற மூச்சு. நீளமாக, உள்ளுக்கு, நிற்காமல் இழுத்தது. மெக்கானிக் மூடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போய்விட்டார். "யா அல்லாஹ்!" என்றார். நான் பின் பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னுக்குப் பொனற்றுக்குள், திறப்புத் திருப்பியபடியே விட்ட பம்பு, படபடவென்று அடிக்கத் தொடங்கியது.

மூடியை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தோம். உட்பக்கத்தில் ஒரு சின்னத் துளை இருக்க வேண்டும். பெற்றோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போய் அந்த இடத்தை நிரப்பும். அந்தத் துளை வெள்ளையாக அடைபட்டிருந்தது. நகத்தால் சுரண்டினார். மெழுகு. "காத்துப் போக வழி இல்ல, மிஸ். நிறைஞ்ச தாங்கில கொஞ்சம் பெற்றோல் குறைஞ்சாலே உள்ளுக்கு இழுத்துப் பிடிக்கும். பம்பு இழுக்கும், ஏலாமச் சூடாகும், நிண்டுரும். எங்கயோ ஒரு நீக்கலால மெதுமெதுவாக் காத்து இறங்கினாத் திரும்பப் பிடிக்கும். பாதித் தாங்கி எண்டா உள்ளுக்கே நிறையக் காத்து, நிக்கிறல்ல." சொல்லிக்கொண்டே போனவர் நடுவில் நிறுத்தினார். "யார் இதுக்கு மெழுகு வெச்ச?"

எனக்கு விடை தெரிந்துவிட்டது. வரிசையில் நின்ற காலத்தில் காரோடு பகல் முழுக்கக் காத்திருந்தது நான் இல்லை. எனக்கு முழங்கால் வருத்தம். மச்சாள்தான் குடையோடு போய்க் காருக்குள் இருப்பார்.

வீட்டுக்கு வந்து, சும்மா கேட்பதுபோல் கேட்டேன். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"ஓம், நான்தான் வச்சனான்" என்றார். "லைனில நிண்ட ஆக்கள் சொல்லிச்சினம், அந்த ஓட்டையால பெற்றோல் ஆவியாப் போகுதாம். எல்லாரும் அடைச்சவை. நான் சாமியறை மெழுகுதிரியை உருக்கி விட்டனான். ஏன், பிழையோ?"

"பிழையில்லை" என்றேன். குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினேன். இவ்வளவு காலமும் இவரை அந்தத் தண்ணீருக்குக் கூப்பிட்டது இவருடைய கையே. இதைச் சொன்னால் என்ன ஆகும்? அண்ணா வரவே இல்லை என்று ஆகும். சொல்லவில்லை. துளையை ஏற்கெனவே ஊசியால் குத்தித் திறந்தாயிற்று. மெக்கானிக் குத்துமுன் என் முகத்தைப் பார்த்தார், "இனி நிக்காது, மிஸ். அந்த அக்கா தாங்குவாவா?" என்று கேட்டார். "தண்ணிக்குள்ள போறதைவிடப் பட்டினி பரவாயில்லை, பட்டினிக்கு என்னட்ட சேலைன் இருக்கு" என்றேன். வீறாப்பாகத்தான் சொன்னேன்.

அடுத்த பயணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். முழங்கால் வலி என்றேன், மழை என்றேன். மச்சாள் ஒரு காலை முழுகி, பொட்டு வைத்து, பையோடு வந்து பின் சீட்டில் ஏறி இருந்துவிட்டார். வேறு வழி இல்லை. செட்டில் வாய்வரை நிரப்பினோம். சீனக்குடா வந்தது. கண்ணாடியில் பார்த்தேன், அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வளைவுக்குள் நுழைந்தோம். நான் காதை முழுக்கப் பம்பில் வைத்திருந்தேன். டிக் டிக் டிக் என்று அடித்தது. ஒரு இடறல் இல்லை. கண்டல் மரங்கள் வந்தன, அந்த ஒற்றையடிப் பாதை வந்தது, போனது. கார் நிற்கவில்லை. நிற்கிறபோது இல்லாத பயம் எனக்கு அப்போது வந்தது. அந்தச் சத்தத்தைப் போடப்போகிறார், இப்போது போடப்போகிறார் என்று ஸ்டியறிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

சத்தம் வரவில்லை. வளைவு முடிந்து வீதி நேரானது. பின்னால் சேலை சரசரத்தது. பையைத் தூக்கி மடியில் வைக்கும் சத்தமும், சீட்டின் பழைய ஸ்பிறிங்குகள் முனகும் சத்தமும் கேட்டன. மச்சாள் சன்னல் பக்கமாக ஒதுங்கி, பக்கத்தில் இடம் விட்டுக்கொண்டிருந்தார்.

"இனி நிக்கத் தேவையில்லை, பிள்ளை" என்றார். "அவர் ஏறிட்டார். போங்கோ."

மூதூர் வரும்வரை நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.